மேடைச் சுவரில் நான் எது

ஒரு கல்யாண மண்டபத்துக்கு என் பேரை வைப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. முக்கூடல் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஆற்றைப் பார்த்தாற்போல மண்டபம் எழும்பி, ‘மைதீன் பாத்திமா மஹால்’ என்று பச்சை எழுத்தில் பலகை ஏறிய பிறகுதான் எனக்கே தெரியும். அதுவும் மீன்காரி சொல்லித் தெரியும். “ஏம்மா, ரோட்டுல உங்க பேரு போட்டிருக்கு, பஸ்ஸுல போறவன் எல்லாம் வாசிக்கான்” என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு மீன் வாங்காமலே உள்ளே வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அசன் முகம்மது அப்படித்தான். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வாய் என்று ஒன்றை அல்லாஹ் கொடுத்தது விலை சொல்வதற்கும் சோறு தின்பதற்கும் மட்டும்தான் என்று நினைப்பவர். ஒரு பாத்திரத்தை விரலால் சுண்டுவார், காதைச் சாய்த்துக் கேட்பார், “கனம் இருக்கு” என்பார். அதற்கு மேல் புகழ்ச்சி அவரிடம் கிடையாது. என் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு “ம்” என்பார். பட்டுக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றால் அதற்கும் ஒரு “ம்”. இந்த ம்முக்கும் அந்த ம்முக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிப்பதிலேயே என் வயசு போய்விட்டது. அவர் பேசாத பேச்சையும் சேர்த்து வீட்டில் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய வெள்ளைச் சுவர். அதில் படம் எழுத வேண்டும் என்று ஆரம்பித்து வைத்தது மருமகன் தாஜ் முகம்மது. கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். வேலை செய்த நேரம் போக மீதி நேரமெல்லாம் திண்டில் சாய்ந்து போன் பார்ப்பார். “மாமி, இப்பல்லாம் மாப்பிள்ளை பொண்ணு போட்டோ எடுக்கதுக்குன்னே சுவத்துல படம் போடுதாவ” என்று சொல்லி, அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பார்கவி என்று ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். ஓவியம் படித்த பிள்ளை. தலைமுடியைக் கிராப்பு வெட்டி, சட்டைப் பையில் பிரஷ் செருகியிருந்தாள். அவளுடைய அப்பா தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம்.

அந்தப் பிள்ளையிடம் என் வீட்டுக்காரர் சொன்னார்: “மஹாலு என் வீட்டுக்காரி பேருல இருக்கு. சுவத்துலயும் அவ இருக்கணும்.” கேட்டீர்களா? இதை அவளிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. அவளும் அப்பாவியாக என் முகத்தைக் கரியால் சுவரில் கோடு இழுத்துவிட்டாள். முக்காடு, மூக்கு, எல்லாம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள் என் மைனி ஷரீபா பீவி. என் வீட்டுக்காரருக்கு அக்கா. மண்டபத்தில் முதல் கல்யாணம் அவளுடைய பேத்தி அர்வாவுக்குத்தான் நடக்கப் போகிறது. அதனால் மண்டபத்தின் கைப்பிடிச் சுவர் முதல் கக்கூஸ் குழாய் வரை அவள் பார்வை படாமல் தப்பாது.

“அல்லாவே! உருவமா?” என்று நெஞ்சில் கை வைத்தாள். “நிக்காஹ் ஓதுற மேடையில உசுருள்ள உருவத்த எழுதி வைக்கவா? வானத்துல இருந்து மலக்குமாருங்க எப்படிலே உள்ள வருவாங்க, அசன்?”

மைனி கிழக்கு என்றால் நான் மேற்கு என்பேன். அது எங்கள் வீட்டுச் சட்டம். ஆனால் இதில் அவள் பக்கம்தான் நின்றேன். மார்க்கத்தில் இல்லாததை மண்டபத்தில் வைக்கக்கூடாது. அதோடு, ஆதார் அட்டைக்கு ஒரு தடவை முகம் கொடுத்து நான் பட்டதே போதும். அதில் நான் யாரையோ வெட்டிவிட்டுப் போலீசுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி இருக்கிறேன். ஆகவே தீர்ப்பு சொல்லியாயிற்று: ஆள் கூடாது, ஆடு மாடு கூடாது, காக்கை குருவி கூடாது. சுவரில் இருந்த என் மூக்கை ஈரத்துணியால் மைனியே துடைத்தாள். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தாள்.

“ஆளே இல்லாம ஆளை வரையணுமா?” என்றாள் பார்கவி. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றவள், பிறகு சிரித்துவிட்டாள். “சரிம்மா. அவங்க என்ன பொருள்னு ஆளாளுக்குச் சொல்லுங்கோ. நான் பொருளை வரைஞ்சுடறேன். பொருளுக்கு உசுரு இல்லையே.”

மண்டபத்துக்கு அப்போது கதவு வைக்கவில்லை. முன்னால் தும்மினால் பின்னால் சமையல்கட்டில் கேட்கும். சமையல்கட்டில் நின்று நான் எல்லாவற்றையும் கேட்டேன். ஒட்டுக் கேட்டேன் என்று சொல்லாதீர்கள். என்னைப் பற்றிய பேச்சை நான் கேட்காமல் வேறு யார் கேட்பது?

முதலில் என் மகள் ஷம்ஸியா. “எங்க உம்மா ரோஜாப்பூ மாதிரி” என்றாள். யா அல்லாஹ், எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. அடுத்து மருமகன். “மாமி எனக்குத் தாய் மாதிரி” என்றார். “தாய் பொருள் இல்லை சார், பொருளாச் சொல்லுங்கோ” என்றாள் பார்கவி. ரொம்ப நேரம் யோசித்து, “ஏசி மாதிரி” என்றார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மைனிக்கு யோசனையே தேவைப்படவில்லை. “அவளா? ஆலங்கட்டி மழை மாதிரி. ஓட்டை உடைச்சுப்போட்டு, தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உருகிப் போயிருவா” என்றாள். எனக்குக் கோபம்தான். ஆனாலும் நன்றாகத்தான் சொன்னாள்.

கடைசியாக என் வீட்டுக்காரர். “இங்கன வேண்டாம்மா, எதிரொலிக்கு” என்று அவளை வெளியே ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்விட்டார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுப் போனவர், பொழுதடைந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை எழுந்திருக்கவில்லை. சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவருடைய வாய் அசைந்துகொண்டே இருந்தது. கையைக்கூட ஆட்டினார். என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை.

“ஏட்டி, உங்க வாப்பா அப்படி என்னத்தப் பேசுதாவ?” என்று ஷம்ஸியாவைக் கேட்டேன்.

“ரேட்டுப் பேசுவாவ உம்மா” என்றாள். டீ கொடுக்கிற சாக்கில் அவளை அனுப்பிப் பார்த்தேன். “என்னக் கண்டதும் பேச்ச நிப்பாட்டிட்டாவ” என்று திரும்பி வந்தாள்.

அவ்வளவுதான், எனக்கு நமைச்சல் பிடித்துக்கொண்டது. இந்த மனுஷர் என்னை என்னவென்று சொன்னார்? வேறு யார் என்ன சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை. ரோஜாப்பூவும் ஆலங்கட்டியும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன். ஆனால் இத்தனை காலம் ஒருத்தருக்குச் சோறு வடித்துப் போட்டு, அவர் மனசுக்குள் நான் என்னவாக இருக்கிறேன் என்று தெரியாமலே மவுத்தாகிப் போவதா? அதைவிட ஒரு கேவலம் உண்டா?

மறுநாள் பார்கவியைப் பிடித்து வைத்துக்கொண்டு, உளுந்தவடையும் டீயும் கொடுத்துக் கேட்டேன். வடையைத் தின்றாளே தவிர வாயைத் திறக்கவில்லை. “அண்ணாச்சிட்ட வாக்குக் கொடுத்துட்டேம்மா. ஒண்ணு மட்டும் சொல்றேன். மத்தவா எல்லாரும் ‘மாதிரி, மாதிரி’ன்னா. அவர் ஒரு தடவைகூட ‘மாதிரி’ங்கலை. இதுதான் அவ, அப்படின்னார். எங்கப்பா கேட்டிருந்தா, உவமை இல்லை, உருவகம்னு எழுந்து நின்னுருப்பார்.”

“உங்கப்பா நிக்கட்டும், உக்காரட்டும். எதும்மா நான்?”

“அதைத்தான் சொல்ல மாட்டேன்” என்று இன்னொரு வடையை எடுத்துக்கொண்டாள்.

அவரிடமே கேட்டேன். “படம் வரட்டும்” என்றார். கூடவே ஒரு “ம்”. புது விதமான ம்.

படம் வந்தது. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்தோம். மறைத்திருந்த துணியைப் பார்கவி இழுத்தாள்.

ஆறு. நம்முடைய ஆறுதான்; படித்துறையையும் மருதமரத்தையும் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆள் இல்லை, ஆடு இல்லை, ஒரு கொக்குகூட இல்லை. மைனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடையில் ஏறி, மருதமரத்தின் கிளை கிளையாகத் தேடினாள். “தண்ணிக்குள்ள மீனு இருக்கா?” என்று கேட்டாள். “இருக்கும்மா. வெளியில தெரியாது” என்றாள் பார்கவி. மைனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

ஆற்று மணலில் சில சாமான்கள் கிடந்தன. நட்ட நடுவில் பெரிய பிரியாணி அண்டா. அதன் மூடிமேல் தணல். பக்கத்தில் ஒரு பித்தளைக் கெண்டி. மூடி போட்டிருந்தும் அதன் மூக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் பள்ளம் விழுந்த ஒரு திண்டு. சாவி இல்லாத ஒரு பூட்டு. வெயிலில் விரித்து வைத்த கறுப்புக் குடை. அதில் ஒரு கம்பி மட்டும் துணியைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில், தோட்டத்துக்குப் போகிற வழியை மறித்துப் போட்ட உடைமுள். அழகாகத்தான் இருந்தது. கெண்டியைத் தொட்டால் கை ஈரமாகிவிடும் போல இருந்தது.

நான் என்னைத் தேடினேன். கொஞ்ச நேரத்திலேயே எனக்கு நிச்சயமாகிவிட்டது: அண்டா. நடுவில் இருக்கிறது, பெரிதாக இருக்கிறது, ஊருக்கே சோறு போடுகிறது. பின்னே நான் வேறு எது? மனசு நிறைந்துபோய், அவர் எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அதற்குள் மைனியின் குரல் எழும்பிவிட்டது.

“ஏலே அசன், இந்தக் கெண்டி யாரு?”

அவர் சட்டைப் பையில் கடைச் சாவியைத் தேடினார்.

“மூடி போட்டாலும் சொட்டுதே, அது நான்தானே? வாயத் தெறந்தா நான் மூட மாட்டேன்னு சுவத்துல எழுதி வச்சிருக்கியா? உடன்பிறந்த அக்காவ?”

யாரும் அப்படிச் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது, அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மைனி, கெண்டி சும்மாத்தானே நிக்கி. சொட்டுறது நீங்கதான்” என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அதன்பிறகு வரிசை கட்டிவிட்டார்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். மருமகன் திண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். “மாமா, லீவு நாள்ல கொஞ்சம் சாயுதேன். அதுக்காக இப்படியா?” என்றார். ஷம்ஸியாவுக்குப் பூட்டு. நாத்தனார் கல்யாணத்துக்கு நெக்லஸ் இரவல் கேட்டபோது பீரோச் சாவி தொலைந்துவிட்டது என்று சொன்னவள் அவள். “அத இன்னும் ஞாபகம் வச்சிருக்காவளே வாப்பா” என்று மூக்கை உறிஞ்சினாள். மண்டபத்துக்கு வெள்ளையடித்த சொரிமுத்து, கதவோரம் நின்றவன், அவனும் மெல்ல முன்னால் வந்தான். ஆள் பனைமரத்து உயரம். கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும். “கம்பி நீட்டிக்கிட்டு நிக்க குடை நான்தானே அண்ணாச்சி? சின்னப் புள்ளையில இருந்தே எல்லாரும் சொல்லுததுதான்” என்றான். அவன் மட்டும்தான் சந்தோஷமாகச் சொன்னான்.

“ஐயோ, இதுல நீங்க யாருமே இல்லை!” என்று பார்கவி தலையில் கை வைத்துக்கொண்டாள். யார் நம்புகிறார்கள்? அவள் என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, கடையைத் திறக்கப் போகிறேன் என்று நடையைக் கட்டினார்.

அதற்கு மேல்தான் பெரிய இடி. கல்யாணப் பொண்ணு அர்வாவை மேடை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அவள் கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். நாற்காலிக்கு நேர் பின்னால் அண்டா. தோழி ஒருத்தி போட்டோ எடுத்துக் காட்டினாள். அர்வா அதைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். “என்னத்தான் எழுதி வச்சிருக்காவ! மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பாவ” என்றாள்.

“சுவத்துல வெள்ளையடி. இல்லன்னா கல்யாணத்த வேற மண்டபத்துக்கு மாத்துதேன்” என்று மைனி சொல்லிவிட்டாள்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. முடியாது என்றேன். அண்டா நான் என்று வாய் வரை வந்தது. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அர்வா சொல்வது சரியாக இருந்தால்? பொண்ணு உட்காரும் இடத்துக்கு நேராக எழுதினது அவளைத்தான் என்றால்? கெண்டியை மைனி எடுத்துக்கொண்டாள். திண்டு மருமகனுக்கு. பூட்டு மகளுக்கு. குடையைச் சொரிமுத்துகூட எடுத்துக்கொண்டான். அண்டாவும் போய்விட்டால் மீதி என்ன இருக்கிறது எனக்கு?

ஓரத்தில் கிடந்த முள்.

நான் அழுதேன். சொல்வதற்கென்ன வெட்கம்? சமையல்கட்டில் புது அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்த மனுஷர் வாயைத் திறந்து பேசிய ஒரே நாளில் என்னை முள் என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டில் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் சோற்றைத் தட்டில் போடவில்லை, எறிந்தேன். “நான் முள்ளா?” என்றேன்.

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? சுவரு சொல்லுது. முள்ளு நானா இல்லையா? அதச் சொல்லுங்க!”

அவர் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்துக்கொண்டு, “முள்ளு... அதும் நீதான். ஆனா...” என்றார்.

“அதும் நான்தான்! கேட்டுக்கிட்டேன். போதும். இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசப்படாது” என்றேன். பேசவில்லை. பேசச் சொன்னாலே பேசாதவர், பேசாதே என்றால் பேசுவாரா?

சனிக்கிழமை காலையில் சொரிமுத்துவுக்கு நானே போன் போட்டு, வெள்ளை பெயிண்டோடு வரச் சொன்னேன். மைனி நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள், என்னமோ பயான் பிரசங்கம் கேட்க வந்தவள் மாதிரி. பக்கத்தில் மகள், மருமகன், கண் வீங்கிய அர்வா. பார்கவி பிரஷ்களைக் கட்டிக்கொண்டு, சுவருக்கு முதுகைக் காட்டி மேடைப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. சொரிமுத்து ஏணியில் ஏறி, ரோலரைப் பெயிண்டில் முக்கினான். முள் இருந்த ஓரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன்.

“ஏலே சொரிமுத்து! கீழ எறங்குலே!”

மண்டபமே அதிர்ந்தது. எதிரொலி வேறு. என் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யாரோ அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

“எதுக்கு எறங்கணும்? மஹாலு என் பேருல இருக்கு. அடிக்கச் சொன்னது நான்” என்றேன்.

“சுவத்துல இருக்கதும் நீதான்.”

“தெரியும்! முள்ளு!”

“முள்ளு மட்டும் இல்ல. எல்லாமே நீதான்” என்றார்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார். காது சிவந்திருந்தது. எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, கடையில் வாடிக்கைக்காரருக்குப் பாத்திரம் எடுத்துக் காட்டுவது போல ஒவ்வொன்றாகக் கை காட்டினார்.

“இது அண்டா. மேல தணலு, கீழ தீ. அப்படி இருந்தாத்தான் உள்ள சோறு பதமா வரும். எங்க உம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப இவதான் பாத்தா. வைஞ்சுக்கிட்டேதான் பாத்தா. ஆனா பாத்தா.”

அர்வா மூக்கைத் துடைத்தாள்.

“இது கெண்டி. மூடினாலும் சொட்டும். பஜார்ல எவன் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. காலையில சிரிச்சவன் சாயங்காலம் கழுத்த அறுப்பான். வீட்டுக்கு வந்தா அந்தக் குழப்பம் இல்ல. இவ மனசுல உள்ளது வாசப்படியிலயே தெரிஞ்சிரும். தெருவுக்கே தெரிஞ்சிரும்.”

மருமகன் சிரித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

“இது குடை. மழை இல்லாதப்பவே விரிச்சிருக்கும். நான் கடையில இருந்து வரக் கொஞ்சம் சொணங்கினாப் போதும், எனக்கு ஆக்ஸிடென்ட்டு ஆகி, ஆஸ்பத்திரிக்குப் போயி, ஜனாஸாவும் எடுத்து, இவ அழுதும் முடிச்சிருப்பா. நான் வந்து நின்னா, செத்தவன் எதுக்கு வந்தேன்னு ஏசுவா. அந்த நீட்டின கம்பி கண்ணக் குத்தும். பாத்துத்தான் பக்கத்துல போகணும்.” திண்டுக்கு வந்ததும் கொஞ்சம் நின்றார். “நடுவுல பள்ளம் இருக்குல்லா. அது நான் சாஞ்ச பள்ளம்” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லவில்லை. ஷம்ஸியாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

“முள்ளு, வேலிக்குப் போட்டது. என்ன ஏமாத்த வந்தவன் எல்லாம் இவளத் தாண்டித்தான் வரணும். ஒருத்தனும் வரல. உள்ள இருக்கவனுக்கும் அது கீறும். எனக்கும் கீறி இருக்கு. அதுக்காக வேலியப் பிடுங்க முடியுமா?”

பிறகு பூட்டு. அவர் மைனியின் பக்கம் திரும்பினார்.

“அக்கா, இவ விஷயம்தான் சொட்டும். அடுத்தவங்க விஷயத்துக்கு இவ பூட்டு. உன் விஷயம் ஒண்ணு, அந்தக் காலத்துல நான் இவட்டச் சொல்லிட்டேன். யாருக்கும் தெரியாதுன்னு நீ நினைச்சுக்கிட்டு இருக்க. இவளுக்குத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் போடாத சண்டையா? ஒரு சண்டையிலயாவது இவ அத எடுத்தாளா?”

மைனி என்னைப் பார்த்தாள். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். அது எந்த விஷயம் என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன். அவள் உருட்டிக்கொண்டிருந்த தஸ்பீஹ் மணி கையில் அப்படியே நின்றுபோயிருந்தது. பிறகு அவளிடமிருந்து நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில், “அப்ப நான் இதுல எங்கனயுமே இல்லையாலே?” என்றாள்.

நல்ல கூத்து! நேற்று முழுக்க, படத்தில் இருக்கிறோம் என்று குதித்தவர்களுக்கு, இப்போது படத்தில் இல்லை என்று வருத்தம். “திண்டு நான்தான்னு சேக்காளிகளுக்கெல்லாம் போட்டோ அனுப்பிட்டேனே மாமா” என்றார் மருமகன். “குடையும் அம்மாதானா?” என்று ஏணியிலிருந்து இறங்கிய சொரிமுத்து, பெயிண்ட் வாளியை மூடியபடி பெருமூச்சு விட்டான். அர்வா மட்டும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “இப்ப எடு” என்று தோழியிடம் போனைக் கொடுத்தாள்.

பார்கவி என் பக்கத்தில் வந்தாள். கண் கலங்கியிருந்தது. “அன்னிக்கு இன்னும் நிறையச் சொன்னார்ம்மா. சுவர்தான் போதலை” என்றாள்.

கல்யாண வேலை கிடந்தது. ஒவ்வொருவராகச் சமையல்கட்டுக்கும் பந்தலுக்கும் போய்விட்டார்கள். மைனி போகும்போது என் தோளில் ஒரு தடவை கையை வைத்து எடுத்துக்கொண்டாள். மேடையில் நானும் அவரும்தான் நின்றோம். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் சந்தோஷம் வந்தாலும் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

“ஊர் பேர் தெரியாத ஒரு புள்ளைட்ட சாயங்காலம் முழுக்க உக்காந்து சொன்னியளே. கட்டினவ ஒருத்தி வீட்டுல இருக்கேன். ஒரு நாளாவது என்ட்டச் சொன்னியளா? முந்தாநேத்து சொன்னியளா? நேத்தாவது சொன்னியளா?”

“நேத்து சொல்லத்தான் வந்தேன்” என்றார் அவர். “நீ எங்க பேச விட்ட?”

அதற்குப் பதில் என்னிடம் நிறைய இருந்தது. வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடினேன்.

“சரி” என்றேன். “இப்பச் சொல்லுங்க.”

அவர் சுவரைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். சமையல்கட்டிலிருந்து யாரோ, “பாத்திமாம்மா, வெங்காயம் போதுமா, இன்னும் உரிக்கணுமா?” என்று கத்தினார்கள். நான் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கத்தினார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.